பைலட் முடிந்தது, அப்புறம்?

பெரிய கம்பெனிகளின் 'ஓப்பன் இன்னோவேஷன்' (புது யோசனைகளை வெளியாட்களிடமிருந்து வாங்குவது) கூட்டங்களுக்குப் போனால் யாராவது ஒருவர் ப்ரிங்கிள்ஸ் சிப்ஸ் கதையை எடுத்துவிடுவார். நல்ல கதைதான். சிப்ஸ் மேலேயே படமும் எழுத்தும் அச்சடிக்க வேண்டும் என்று அப்போது அதைத் தயாரித்த பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) நினைத்தது. தாங்களே உட்கார்ந்து கண்டுபிடித்தால் வருடக்கணக்கில் இழுக்கும் என்று தெரிந்ததும், தேவை என்ன என்பதை ஒரு குறிப்பாக எழுதி வெளியே சுற்றுக்கு விட்டார்கள். இத்தாலியில் போலோன்யா நகரத்தில் ஒரு பேராசிரியர் நடத்திய சின்ன பேக்கரி, கேக்கிலும் பிஸ்கட்டிலும் இங்க்ஜெட்டில் படம் போடும் வழியை ஏற்கெனவே வைத்திருந்தது. 2004-இல் படம் போட்ட சிப்ஸ் கடைக்கு வந்துவிட்டது.

கதையைச் சொல்பவர்கள் பேக்கரியைப் பற்றியே பேசுகிறார்கள், எனக்கு அந்தக் குறிப்புதான் பெரிதாகப் படுகிறது. "புது ஐடியா இருந்தால் கொண்டு வாருங்கள்" என்று அவர்கள் பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. எது வேண்டும் என்று தெரிந்து கேட்டார்கள், வந்ததை வாங்கி வேலையில் இறக்க உள்ளே ஆள் இருந்தது.

கேள்வி துல்லியமாக இருந்தும் கதை வேறு மாதிரி முடிவதுண்டு. நெட்ஃப்ளிக்ஸ் 2006-இல் எந்தப் படம் யாருக்குப் பிடிக்கும் என்ற தன் பரிந்துரைக் கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்துபவர்களுக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது, 2009-இல் ஒரு குழு ஜெயித்துப் பணமும் வாங்கியது. ஆனால் ஜெயித்த அந்த முழு முறையை நெட்ஃப்ளிக்ஸ் நடைமுறைக்குக் கொண்டுவரவே இல்லை. கிடைக்கிற பலனுக்கு அதை ஓடவைக்கும் பொறியியல் வேலை கட்டுப்படியாகவில்லை, அதற்குள் தொழிலும் டிவிடியிலிருந்து ஸ்ட்ரீமிங் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் கிடைத்த இரண்டு அல்காரிதங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தக் குழுவுக்குப் பரிசுப் பணமாவது கைக்கு வந்தது, எங்களுக்கு அதுவும் இல்லை. நான் இருந்த சின்ன குழு ஒரு பெரிய நிறுவனத்துக்கு ஆறு வாரத்தில் பைலட் (சின்ன அளவிலான சோதனை முயற்சி) முடித்துக் கொடுத்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒப்பந்தம் பேசவே நான்கு மாதம் போயிருந்தது, காரணம் பைலட்டின்போது மெருகேறும் எதுவும் அவர்களுக்கே சொந்தம் என்று ஒரு வரி. நாங்கள் கையோடு கொண்டுவந்ததைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள் என்று கேட்டோம், அவர்களுடைய லீகல் டீம் எங்களை ஏதோ திருட வந்தவர்கள் மாதிரி பார்த்தது. (இந்த விஷயத்தில், ரசிகர்களிடமிருந்து பொம்மை வடிவமைப்புகளை வாங்கும் லெகோ ஐடியாஸ் எனக்குப் பிடிக்கும். 10,000 பேர் ஆதரித்தால் பரிசீலனை, தயாரிப்பானால் நிகர விற்பனையில் 1 சதவீதம். சேரும் முன்பே தெரிந்துவிடுகிறது.)

பைலட் நன்றாகவே ஓடியது. எங்களை அழைத்து வந்த மேலாளர் வேறு பிரிவுக்கு மாறினார், புதிதாக வந்தவரின் முதல் கேள்வி "இது யாருடைய பட்ஜெட்?" யாருடையதும் இல்லை. பர்ச்சேஸ் பிரிவு அனுப்பிய படிவத்தில் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு கேட்டிருந்தார்கள், எங்கள் கம்பெனிக்கு அப்போது வயது 14 மாதம்.

இப்போதெல்லாம் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுகிறேன்: பைலட்டுக்கு அப்புறம் பணம் யார் தருவார்கள், இதை உள்ளே யார் நடத்துவார்கள்? போன தடவை எதிரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.