ரெண்டாவது சாரம்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் செல் உயிரியல் நடத்துகிறேன். ஜூன், ஜூலையில் மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, செல்லுக்குள் செய்தி போகிற வழியைச் சொல்ல வேண்டும். எல்லாம் புரதங்கள்: ராஸ் விழித்தால் ராஃபை எழுப்பும், ராஃப் மெக்கை எழுப்பும், மெக் எர்க்கை எழுப்பும். எர்க் உட்கருவுக்குள் போய், 'சரி, பெருகலாம்' என்று சொல்லும். இதுவரை எல்லாருக்கும் புரியும். கேஎஸ்ஆர்1 என்ற இன்னொரு புரதம் வந்ததும் பின்வரிசை கொட்டாவி விடும்.

அந்தப் பெயரே ஒரு வில்லங்கம். 'ராஸை அடக்கும் கைனேஸ்' என்று பொருள்படும். பரீட்சையில் பாதிப் பேர் அது ராஸை அடக்கும் என்றே எழுதிவைப்பார்கள். விஷயம் நேர்மாறு. ராஸ் ஓயாமல் ஆட்டம் போடுகிற பழ ஈக்களையும் உருண்டைப் புழுக்களையும் வைத்துக்கொண்டு, எந்த மரபணு கெட்டால் ஆட்டம் அடங்குகிறது என்று தேடியதில், 1995-இல் அகப்பட்டது இது. கெட்டால்தான் ராஸ் அடங்கும். நன்றாக இருந்தால் ராஸுக்குக் கூட்டாளி. கைனேஸ் என்றால் மற்றப் புரதங்கள் மேல் பாஸ்பேட்டை ஏற்றுவது. அந்தப் பட்டமும் சந்தேகம்தான். பாலூட்டிகளின் கேஎஸ்ஆரில், அந்த வேலைக்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின் உட்கார்ந்திருக்கிறது. மனிதரில் 17-ஆம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு தருகிற புரதத்தின் முக்கிய வேலை, ராஃப், மெக், எர்க் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைப்பது.

"கட்டடத்துக்குக் கட்டுகிற சாரம் மாதிரி" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவேன். ஒரு வருடம் ஒரு மாணவி எழுந்தாள். அப்பா கொத்தனார். "சார், பூச்சு முடிஞ்சா சாரத்தப் பிரிச்சிருவாங்களே. இது மட்டும் அங்கயே நிக்குமா?"

"நாளைக்குச் சொல்லுதேன் மக்ளே" என்று தப்பித்தேன்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். செல் சும்மா இருக்கும்போது கேஎஸ்ஆர் சைட்டோபிளாசத்தில் கிடக்கும். வளர்ச்சிச் செய்தி வந்தால் செல் சவ்வுக்குப் போகும். 2009-இல் வந்த ஓர் ஆய்வு அதற்கு அடுத்த கட்டத்தைச் சொல்லியது: விழித்த எர்க்கே திரும்பி, கேஎஸ்ஆர் மீதும் ராஃபில் ஒரு வகையான பி-ராஃப் மீதும் பாஸ்பேட்டை ஏற்றுகிறது, பிடி தளர்ந்து கேஎஸ்ஆர் சவ்வை விட்டு விலகுகிறது. சாரத்தில் கைமாறி வரும் கான்கிரீட் சட்டியைக் கடைசியாக வாங்கினவனே சாரத்தின் கயிற்றை அவிழ்க்கிற கதை. மறுநாள் சொன்னதும், "அப்போ சரிதான் சார்" என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் இன்னொரு தப்பையும் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்: சாரம் கூடினால் செய்தியும் கூடும் என்று. அதைத் திருத்தியது எந்தப் புத்தகமும் இல்லை, தக்கலையில் மச்சான் வீட்டுக் கான்கிரீட் வார்ப்பு.

காலையிலேயே வேளிமலைப் பக்கம் கறுத்துவிட்டது. சாரத்தில் தட்டுக்கு ஒருவராக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிற்பவர் கீழே பார்ப்பதுகூட இல்லை. கை நீளும், சட்டி வரும், மேலே போகும். மச்சானுக்குப் பதற்றம். "அண்ணாச்சி, அந்தப் பக்கமும் ஒரு சாரம் கெட்டுங்க, சட்டுனு முடியட்டு" என்றார். கொத்தனார் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டினார். ஆனால் ஆள் அதே ஐந்து பேர்தான். பிரிந்து நின்றார்கள். இந்தச் சாரத்தில் நடுத்தட்டு காலி, அந்தச் சாரத்தில் மேல்தட்டு காலி. நிறைந்த சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருவர் அப்படியே நிற்கிறார், வாங்க ஆளில்லை. கொத்தனார் ஒன்றும் பேசாமல் எல்லாரையும் பழைய சாரத்துக்கே கூப்பிட்டுக்கொண்டார்.

இதையேதான் 2000-இல் கணினிக் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார்கள்: சாரப் புரதம் அளவுக்கு மிஞ்சினால் ராஃப் ஒன்றிலும் மெக் இன்னொன்றிலும் மாட்டிக்கொள்ளும், செய்தி நகராது. அப்புறம், கேஎஸ்ஆர்1 இல்லாத எலி செல்களில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தபோதும், செய்தி ஏறி, உச்சம் தொட்டு, இறங்கியது. நானும் படித்துத்தான் இருந்தேன். மண்டையில் ஏற ஒரு வார்ப்பு வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் கரும்பலகையில் ரெண்டு சாரம் வரைகிறேன், ஆள் மூன்றே பேர். யாரை எங்கே நிறுத்துவது என்று வகுப்பையே கேட்பேன். பின்வரிசையில் இருந்துதான் முதல் குரல் வரும்.