ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் மட்டும் ஓடிய இன்டர்நெட்

மோடத்தை அணைத்துப் போட்டால் இன்டர்நெட் பறக்கும். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஊர்ந்து போக ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டில் சில மாதங்கள் இதே கதைதான். மதுரையில் தெரு கேபிள்காரர் வழியாக வாங்கிய 100 எம்பி ஃபைபர் பிளான் அது. புகார் எண்ணுக்குக் கூப்பிட்டால் எப்போதும் இரண்டே பதில்கள்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க", இல்லையென்றால் "ஃபர்ம்வேர் பழசு, மேலிருந்து அப்டேட் வரும்." ஃபர்ம்வேர் என்றால் மோடத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள். இரண்டாவது பதில் கடைசியில் பாதி உண்மையாகவே போனது. ஆனால் சொன்னவர் எதையும் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்திருந்தால் அதற்கு முன்பே இன்னொரு கோளாறு கண்ணில் பட்டிருக்கும்.

முதலில் வைஃபையைக் கணக்கிலிருந்து எடுத்தேன். லேப்டாப்பை லேன் வயரில் மோடத்தோடு நேராக இணைத்து, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு வேகம் பார்த்தேன். மோடத்தை அணைத்துப் போட்ட சூட்டோடு 94 வந்தது. 100 எம்பி போர்ட்டில் டேட்டாவோடு கூடவே போகும் முகவரி போன்ற தலைப்புத் தகவல்கள் போக அவ்வளவுதான் தேறும், அது கோளாறில்லை. டவுன்லோடு ஓடும்போது நொடிக்கு 12 என்று காட்டுவதைப் பார்த்துவிட்டு "நூறுக்குக் காசு வாங்கிட்டு பன்னெண்டு குடுக்கிறான்" என்று மச்சான் சண்டைக்குப் போகத் தயாரானார். பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. சரி, அந்தச் சண்டை அதோடு முடிந்தது.

சாயங்காலம் அதே வயரில் 9, 11 என்று வந்தது. ஆக, குற்றவாளி வைஃபை இல்லை.

அடுத்து மோடத்துக்குள் நுழைந்தேன். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் உள்ளே போகலாம். ஃபைபர் பெட்டிகளில் ஆப்டிகல் என்றோ பான் என்றோ ஒரு பக்கம் இருக்கும். அதில் 'ஆர்எக்ஸ் பவர்' என்ற எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். கண்ணாடி இழை வழியாக வந்து சேரும் ஒளி எவ்வளவு என்பதன் அளவு அது. ஜிபான் என்ற வகை ஃபைபர் பெட்டிகளுக்குப் பொதுவாக மைனஸ் 8 டிபிஎம்முக்கும் (ஒளியின் அளவை டெசிபலில் சொல்லும் அலகு) மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். எங்களுக்கு மைனஸ் 27.9. இந்தக் கணக்கில் ஒவ்வொரு 3 டெசிபல் இறங்கும்போதும் ஒளி பாதியாகும். மைனஸ் 20ல் இருந்து மைனஸ் 28க்கு இறங்கினால் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். இடையிடையே சிவப்பு விளக்கு கண் சிமிட்டி இணைப்பே அறுந்துபோனதற்கும் காரணம் புரிந்தது.

கேபிள்கார அண்ணனுக்கு அந்த எண்ணை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினேன். "நெட் ஸ்லோ" என்று சொன்னபோதெல்லாம் "பாக்குறேன் தம்பி" என்றவர், மைனஸ் 27.9 என்றதும் அன்றே ஆளை அனுப்பினார். வந்த பையன் மொட்டை மாடியிலிருந்து கேபிளைத் தடவிக்கொண்டே வந்து ஜன்னல் பக்கம் நின்றான். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் கேபிளை ஓரமாகத் தள்ளி, ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இழையைச் சின்ன வட்டமாக மடக்கினால் ஒளி உள்ளேயே திரும்பாமல் அந்த வளைவில் வெளியே கசிந்துவிடும். முடிச்சை அவிழ்த்து, அடிபட்ட துண்டை வெட்டிவிட்டு, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்துப் புதிதாக ஒட்டினான். பச்சை கனெக்டரின் நுனியை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தான். பவர் மீட்டரில் மைனஸ் 21. அவன் வேலை செய்யும்போது குனிந்து பார்க்கப் போன என் மகளை விலக்கிவிட்டான்; அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர், நுனியை நேராகப் பார்க்கக் கூடாது.

அதற்குப் பிறகு சிவப்பு விளக்கு எரியவே இல்லை. ஆனால் மந்தம் போகவில்லை. ஒரே வீட்டில் இரண்டு நோய்.

எனக்கு உண்மையில் கை கொடுத்தது மிக எளிய ஒரு சோதனை. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, வெளியே எந்தத் தளத்துக்கும் போகாமல், மோடத்துக்கே பிங் அடித்துப் பார்ப்பது. பிங் என்றால் ஒரு சின்னத் தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது. ஒன்றரை மீட்டர் வயர்; பதில் ஒரு மில்லி நொடிக்குள் வர வேண்டும். ரீஸ்டார்ட் செய்த புதிதில் அப்படித்தான் வந்தது. மந்தமான நேரத்தில் அடித்தால் 180, 240, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' (பதிலே வரவில்லை), மறுபடி 210. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்டியே பதில் சொல்லத் திணறுகிறது என்றால், தெருவையும் நிறுவனத்தின் சர்வரையும் சந்தேகப்படுவதில் அர்த்தமில்லை. ஸ்டேட்டஸ் பக்கத்தில் மெமரி 97 சதவீதம் என்று நின்றது. சூடாக இருக்குமோ என்று ஷோகேசுக்குள்ளிருந்து எடுத்து ஃபேனுக்கு நேராக வைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. சிசிடிவி பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். திணறல் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். பயன்படுத்திய மெமரியைத் திருப்பி விடாமல் சேர்த்துக்கொண்டே போகும் மென்பொருளின் குணம் இது. ரீஸ்டார்ட்டில் சரியாகி, நேரம் போகப் போகக் கெடுவது அதன் அடையாளம். ஃபர்ம்வேரை இங்கே வந்த பிறகுதான் சந்தேகப்பட வேண்டும்.

நிறுவனம் கொடுக்கும் பெட்டியில் நாமே ஃபர்ம்வேர் ஏற்றும் வசதி பெரும்பாலும் மறைத்திருக்கும். டிஆர்-069 என்ற முறையில் அவர்களே தூரத்திலிருந்து ஏற்றுவார்கள். எங்கள் பெட்டிக்கு ஏனோ அது வந்து சேரவே இல்லை. யூடியூபில் எவனோ கொடுத்த கோப்பை இறக்கிப் போடும் எண்ணம் எனக்கு இல்லை. மாடல் ஒன்றாக இருந்தாலும் ஹார்ட்வேர் பதிப்பு வி2, வி3 என்று மாறினால் பெட்டி எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடலாம். வேறு நிறுவனத்துக்காகச் செய்ததாக இருந்தால் லைனில் பதிவே ஆகாமல் போகலாம். பிங் வந்த திரையின் படத்தையும் மெமரி எண்ணையும் அனுப்பிக் கேட்டதும் அண்ணன் தன் பொறியாளரிடம் சொல்லி, சரியான கோப்பையும் உள்ளே நுழையும் அட்மின் வழியையும் வாங்கிக் கொடுத்தார்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்: நிறுவனத்தின் லைனில் நுழையும் பிபிபிஓஇ பயனர் பெயர், லைனில் நம் இணைப்பு போகும் தடத்தைக் குறிக்கும் விலேன் எண், வைஃபை பெயர், எல்லாம். பிபிபிஓஇ கடவுச்சொல் புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் அதை மட்டும் அண்ணனிடம் கேட்டு எழுதி வைத்தேன். மோடத்தையும் லேப்டாப்பையும் இன்வெர்ட்டர் லைனில் போட்டேன். பாதியில் கரன்ட் போனால் பெட்டி மீளாமலே போகலாம், எங்கள் தெருவில் கரன்டுக்கு நேரம் காலம் கிடையாது. வைஃபை வழியாக ஏற்றவே கூடாது, வயரில்தான். பட்டனை அழுத்திய பிறகு எல்லா விளக்கும் அணைந்து சில நிமிடங்கள் பெட்டி செத்தது போலக் கிடக்கும். அப்போது கை அரிக்கும், தொடக் கூடாது.

திரும்பி வந்தபோது அமைப்புகள் எல்லாம் அழிந்திருந்தன. வைஃபை பெயர் ஃபாக்டரி பெயராக, விலேன் எண் வேறாக, இன்டர்நெட் விளக்கு இருட்டாக. படங்களைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டதும் இணைப்பு வந்தது. வாரக்கணக்கில் ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடியும் மோடத்துக்கான பிங் ஒரு மில்லி நொடியைத் தாண்டவில்லை. அட்மின் கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றினேன்; புது ஃபர்ம்வேர் அதையும் ஊரறிந்த பழைய சொல்லுக்கே கொண்டுபோய் விட்டிருந்தது.

மாடி அறையில் மட்டும் இன்னமும் 30க்கு மேல் வருவதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை, அக்கம்பக்கத்து வைஃபைகள் குவிந்திருந்த 6லிருந்து 11க்கு மாற்றியதில் கொஞ்சம் தேறியது. மிச்சம் நடுவில் இருக்கும் கான்கிரீட் தளத்தின் வேலை. அதற்குக் கீழிருந்து ஒரு லேன் வயர் இழுக்கச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை பைப்புக்குள்.