மெட்டுக்குள் ஏறிய கடைசி பஸ்

பாட்டெழுதும் ஆசை எனக்கு நடத்துநர் வேலைக்கு வருவதற்கு முன்பே உண்டு. சீர்காழியிலிருந்து பழையாறு, திருமுல்லைவாசல் பக்கம் ஓடும் பஸ்களில்தான் என் சர்வீஸின் பெரும்பகுதி போனது. காலையில் மீன் கூடைகள், சாயங்காலம் பள்ளிப் பிள்ளைகள், இரவு கடைசி நடையில் நாலைந்து பேர். கூட்டம் வடிந்ததும் டிக்கெட் கணக்கெழுதும் இன்வாய்ஸை முடித்துவிட்டு, அதே பேனாவால் டிக்கெட் கட்டின் அட்டையில் இரண்டு வரி கிறுக்குவேன். வீட்டில் அந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் படிப்பு, மகள் கல்யாணம், அம்மாவின் வைத்தியம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்ததில் டின் மூடியே கிடந்தது. ஓய்வுபெற்ற பிறகுதான் திறந்தேன்.

"இந்த வயசுல இது எதுக்குங்க?" என்றாள் வீட்டில். சீர்காழிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் ஊர் அருணாசலக் கவிராயர் (1711–1779) காசுக்கடை வைத்துப் பிழைத்தவர். இராம நாடகக் கீர்த்தனையை அவர் இயற்றியது அறுபதை ஒட்டிய வயதில். பாட்டுகளுக்கு மெட்டமைக்கத் துணை நின்றவர்கள் சட்டநாதபுரத்துச் சீடர்கள் இரண்டு பேர். சட்டநாதபுரம் எங்களுக்கு ஒரு ஸ்டேஜ். அங்கே விசில் கொடுத்து வண்டியை எடுக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். கவிராயருக்கு இரண்டு பேர் வாய்த்தார்கள், எனக்கு ஒரு ஆள் வாய்க்கமாட்டானா?

வாய்த்தது ஒரு கீபோர்டு தம்பி. கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிப்பவர், வீட்டு மாடி அறையையே ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தார். டின்னில் இருந்ததையெல்லாம் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குங்கய்யா. ஆனா எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டீங்க, நான் மெட்டுப் போட இடமே இல்ல. நான் ஒரு மெட்டு அனுப்புறேன், அதுக்கு எழுதுங்க" என்றார். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் வந்தது: தனனத் தத்த தனனத் தானா.

சொல் இல்லாமல் மெட்டின் அளவை மட்டும் காட்டும் இந்தத் தத்தகாரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 'தன' என்றால் இரண்டு குறில், 'தான' என்றால் நெடிலும் குறிலும், 'தத்த' என்றால் நடுவில் வல்லினம் அழுத்தும், 'தந்த' என்றால் அதே இடத்தில் மெல்லினம். இதைப் பள்ளிக்கூடத்து அசை பிரிக்கிற கணக்காக நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நான் எழுதியது "கடைசிப் பேருந்துப் படிக்கட்டில் நான்". தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாடிப் பார்த்தால் 'கடைசிப்' மட்டும் உட்கார்ந்தது. 'பேருந்து' தத்தவுக்குள் நுழையவே மாட்டேன் என்றது. வழியெல்லாம் பஸ், பஸ் என்றே சொல்லிவிட்டுப் பேனாவைப் பிடித்ததும் பேருந்து என்று எழுதுகிற பழக்கம் அது. "கடைசிப் பஸ்ஸு படியில் நானே" என்று மாற்றினேன். சாவி போட்ட மாதிரி திறந்துகொண்டது.

இரண்டாம் வரிதான் பாடாய்ப் படுத்தியது. "கழனிப் பக்கம் தவளைச் சத்தம்" என்று எழுதியிருந்தேன். மழைக்காலத்தில் புதுப்பட்டினம் தாண்டினால் காதில் விழுவது அதுதான். ஆனால் அந்த இடத்தில் மெட்டு 'தானா' என்று இழுக்கிறது. பாடகர் நாலு அட்சரம், அதாவது தாளத்தில் நாலு எண்ணிக்கை, நின்றாக வேண்டும். 'சத்தம்' என்பதில் நிற்க எங்கே இடம்? வாயைத் திறப்பதற்குள் 'த்' வந்து கதவைச் சாத்திவிடுகிறது. தம்பி 'பாட்டே' என்று போட்டுக் காட்டினார். தவளை பாடி நான் கேட்டதில்லை, கத்தித்தான் கேட்டிருக்கிறேன் என்று சண்டை பிடித்தேன். அவர் எதுவும் பேசாமல் இரண்டையும் பாடிக் காட்டினார். 'பாட்டே'தான் நின்றது. மேல் ஸ்தாயியில் இழுக்கிற இடத்துக்கு ஆ, ஏ, ஓ போல ஒரு நெடில் வேண்டும் என்பதும், 'விளக்கு', 'காற்று' போல முடியும் சொற்களை அங்கே வைத்தால் குரல் தொங்கும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தது இத்தனை வருஷம் கழித்துத் தொண்டையில் புரிந்தது.

வயதானவர்களுக்கு இதில் கஷ்டம் கற்பனைப் பஞ்சம் அல்ல. சொல்ல எக்கச்சக்கமாக இருக்கிறது, அதில் ஒன்றைக்கூட விட மனசு வருவதில்லை, அவ்வளவுதான். ஒரு சரணத்துக்கு எட்டு வரி. ஒரு ஆயுளைக் கொண்டுபோய் அதில் ஏற்றினால் படியில்கூட இடம் இருக்காது. கடைசியில் என் சரணத்தில் தங்கியது ஒரே விஷயம். சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்போம்; அதை வாங்க மறந்து இறங்கிப் போனவர்களைப் பற்றியது. மீன்கூடை, பள்ளிப் பிள்ளைகள், டிரைவர் அண்ணன் எல்லாம் திரும்ப டின்னுக்கே போயாயிற்று.

நான் எழுதும் முறை இப்போது இதுதான்: மெட்டைப் போனில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பேன். சொல்லே இல்லாமல் முணுமுணுத்து, மூச்சு எங்கே விடுகிறேன் என்று பார்ப்பேன். ஒரு சொல்லின் நடுவில் மூச்சு விழுந்தால் அந்தச் சொல் அங்கே ஆகாது. பல்லவி வந்த பிறகுதான் பேனா.

ஒலிப்பதிவன்று நான் விட்டுக்கொடுக்காத இடமும் ஒன்று உண்டு. பாட வந்த பெண்ணுக்கு நல்ல குரல், ஆனால் 'கழனி' 'கலனி' ஆகிவிட்டது. ஸ்டுடியோவில் யாருக்கும் அது உறுத்தவில்லை, எனக்கு உறுத்தியது. "பாப்பா, நாக்கை உள்ள மடக்கு" என்று உட்கார்ந்துவிட்டேன். வரும்வரை எடுத்தோம்.

காகித வேலையை அலட்சியம் செய்யாதீர்கள். எழுதிய உடனேயே வரிகளின் உரிமை நம்முடையதுதான், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் நான் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்தேன். இலக்கியப் படைப்பு என்ற வகையில் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் நமக்குப் பெரிய பலம். ராயல்டியில் பாடலாசிரியரின் பங்கைச் சட்டப்படியான வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்வார்கள். உரிமை நம் ஆயுளுக்குப் பின்னும் 60 வருஷம் நிற்கும். எனக்கு இருபது வயதாகியிருந்தால் இந்த வரியைப் படித்திருக்கவே மாட்டேன். இப்போது பேரன் முகம் வருகிறது. தம்பியும் நானும் யாருக்கு என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969இலிருந்து இயங்கும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகவும் விண்ணப்பித்திருக்கிறேன்.

நடுவில் சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்தார். படத்தில் பாட்டு வாங்கித் தருகிறாராம், முன்பணம் கட்ட வேண்டுமாம். பாட்டெழுதுகிறவனுக்குப் பணம் கொடுப்பதுதானே உலக வழக்கம், வாங்குவது என்ன கணக்கு? டிக்கெட் எடுக்காமல் ஏறுகிற ஆளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். போனை வைத்துவிட்டேன்.

பாட்டு வெளியாகிவிட்டது. கேட்டவர்களில் பாதிப் பேர் பழைய டெப்போக்காரர்கள். ஒருவர், "கண்டக்டரே, என் பாக்கி ரெண்டு ரூபா இன்னும் வரல" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். வருமானம் என்று சொல்ல இதுவரை ஒன்றும் இல்லை. மிக்ஸிங் செலவுக்கே ஓய்வுபெற்றபோது வந்த பணப்பலனில் கை வைத்தாகிவிட்டது. அதற்கு வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் வளைகாப்புக்குப் பாட்டு வேண்டும் என்று கேட்டபோது, "எங்க வீட்டுக்காரர் எழுதுவார்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்ததும் அவள்தான். தம்பி மெட்டு அனுப்பியிருக்கிறார், கும்மி நடையில். பல்லவி வந்துவிட்டது. சரணத்தில் வளையலுக்கு எதுகை பிடிக்க முடியாமல் நிற்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.