சார்டிலின் ஆன்டிபாடி: பெப்டைடால் தடுத்துப் பார்த்தால் போதுமா?

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) 95–100 கிலோடால்டன் அருகே சார்டிலின் என்ற ரிசெப்டர் புரதத்தின் பட்டை தெரிகிறது. ஆன்டிபாடியை அதை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடோடு (சிறு புரதத் துண்டு) ஊறவைத்து மறுபடி போட்டால் பட்டை காணாமல் போகிறது. உடனே ஆன்டிபாடி சரியானதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமாக 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடிக்கு 5 மைக்ரோகிராம் பெப்டைடு சேர்த்து, அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரமோ 4 டிகிரியில் இரவு முழுவதுமோ வைப்போம். எடையில் 5 மடங்குதான். ஆனால் 15 அமினோ அமிலப் பெப்டைடின் எடை ஏறக்குறைய 1,700 டால்டன், ஆன்டிபாடியுடையது 1,50,000. மூலக்கூறு எண்ணிக்கையில் பார்த்தால் 440 மடங்கு. பிடிக்கும் இடமெல்லாம் அடைபட்டுவிடும். அந்த ஆன்டிபாடி தவறிப்போய் வேறொரு புரதத்தைப் பிடித்திருந்தால் அந்தப் பட்டையும் சேர்ந்தே மறையும். பெப்டைடு போட்ட குழாய், போடாத குழாய், தொடர்பில்லாத பெப்டைடு போட்ட குழாய் என மூன்றையும் ஒரே நேரம் ஊறவைத்தாலும், ஆன்டிபாடி அந்தப் பெப்டைடைப் பிடிக்கிறது என்பது மட்டுமே உறுதியாகும். பட்டை சார்டிலின்தானா என்று தெரிய, சார்டிலின் மரபணு நீக்கிய செல்லின் லைசேட்டை (செல்லை உடைத்தெடுத்த சாறு) அதே ஜெல்லில் பக்கத்துப் பள்ளத்தில் ஓட்ட வேண்டும். அங்கே பட்டை இருக்கக்கூடாது.

அடுத்து, ஆன்டிபாடி எந்த முனைக்கு எதிரானது என்று பாருங்கள். செல்லுக்குள் இருக்கும் சி-முனை வாலுக்கு எதிரானது என்றால், செல்களை டிரைட்டன் என்ற சோப்பு போன்ற பொருளின் 0.1 சதவீதக் கரைசலால் துளைத்தால்தான் நிறமேறும். வாலின் நுனியில் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதம் ஒட்டியிருந்தால் பிடிக்காமலே போகலாம். ஏடிஏஎம்10 என்ற நொதி வெட்டி வெளியே விடும் துண்டில் வால் கிடையாது, அதனால் செல் வளரும் மீடியத்தில் அதைத் தேடிப் பயனில்லை. வெளிப்பகுதிக்கு எதிரானது என்றால் வேறு சிக்கல். அங்கே சிஸ்டீன் இணைப்புகள் நிறைய. இயல்பான மடிப்பை மட்டும் அறியும் ஆன்டிபாடிகள், அந்த இணைப்புகளை உடைக்கும் டிடிடி சேர்த்துக் கொதிக்கவைத்த மாதிரியில் ஊமையாகிவிடும். டிடிடி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். செல் மேற்பரப்பை மட்டும் பார்க்க, உயிருள்ள செல்களை ஐஸில் வைத்தே ஆன்டிபாடி ஊற்றுங்கள். 37 டிகிரியில் ரிசெப்டரை ஆன்டிபாடியோடு சேர்த்து செல் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சார்டிலினில் சரக்கு (அது பிடித்துச் சுமக்கும் புரதங்கள்) பிணைவதைத் தடுக்க நியூரோடென்சின் என்ற பெப்டைடு நல்ல கருவி. 13 அமினோ அமிலம், எடை 1,673 டால்டன். 1 மில்லிகிராமை 598 மைக்ரோலிட்டரில் கரைத்தால் 1 மில்லிமோலார். குப்பியில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும் என்பதால் நிகரப் பெப்டைடு அளவைச் சான்றிதழில் பார்த்து அந்த எடையை வைத்தே கணக்கிடுங்கள். அதன் கடைசி லியூசினின் கார்பாக்சில் முனை, சார்டிலினின் பத்து இதழ் கொண்ட புரொப்பெல்லர் வடிவப் பகுதிக்குள் 292ஆம் ஆர்ஜினினோடு உப்புப் பாலம் போடுகிறது. ஆகவே ஆர்டர் செய்யும்போது சி-முனையை அமைடாக்கச் சொல்லிவிடாதீர்கள், அந்தப் பிடிப்பே போய்விடும். இன்னொன்று: நியூரோடென்சின் என்டிஎஸ்ஆர்1 என்ற வேறொரு ரிசெப்டரையும் தூண்டும். அந்த ரிசெப்டர் உள்ள செல்லில் கிடைக்கும் விளைவைச் சார்டிலின் கணக்கில் எழுதும் முன், மேலே சொன்ன மரபணு நீக்கிய செல்லிலும் அதே பெப்டைடைப் போட்டுப் பாருங்கள். விளைவு அங்கேயும் அப்படியே வந்தால் அது சார்டிலின் வழியாக வந்ததல்ல.