வரப்பில் நின்று வீடியோ

நேற்று சாயங்காலம் கோபி பக்கம் சூறைக்காற்று. வாழைக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பெல்லாம் ஆடுது, தம்பி வரப்பில் நின்று வீடியோ எடுக்கிறான். "உள்ள வா சாமி, தென்னமட்டை தலைல உழுந்துரும்" என்று அப்புச்சி கத்துகிறார்.

எனக்கு டிம் சமராஸ் ஞாபகம். அமெரிக்காவில் சுழற்காற்றின் பாதையில் கருவி வைத்து, 2003இல் உள்ளே காற்றழுத்தம் 100 மில்லிபார் இறங்கியதை அளந்தவர். நிதானமானவர் என்று பேர் வேறு. 2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் சுழல் திசை மாறி 4 கிலோமீட்டருக்கு மேல் அகண்டது. அவர், மகன், கூட்டாளி, மூவரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அளக்கப் போனவருக்கே அப்படி. லைக்குக்காகத் துரத்துகிறவர்களை என்ன சொல்ல?

தம்பியிடம் சொன்னேன். "சரிக்கா, வீடியோ நல்லா வந்துருக்குது, பாருங்க" என்கிறான்.