சைனில் கலப்படம் செய்யும் மிரி

போன வாரம் ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆனது. பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தைத் தேடித் தருகிற சின்ன லைப்ரரி ஒன்றை ரஸ்ட் நிரல்மொழியில் பொழுதுபோக்காக எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஓர் இடத்துக்கும் அதே இடத்துக்கும் உள்ள தூரம் பூஜ்யம் என்று சரிபார்க்கும் டெஸ்ட் அது. இதைவிட எளிமையான டெஸ்ட்டை யாராலும் எழுத முடியாது. எழுதி இரண்டு வருடம் ஆகிறது, ஒரு நாள்கூட முனகியதில்லை. அதை மிரி என்ற சோதனைக் கருவியில் ஓட்டினால் விடை 0.19 மீட்டர் என்கிறது. மிரியின் தற்செயல் தேர்வுகளைத் தொடங்கி வைக்கும் சீட் எண்ணை மாற்றி மறுபடி ஓட்டினால் நேன், அதாவது 'இது எண்ணே இல்லை' என்கிற விடை. (இதை 'நான்' என்று எழுதிப் பார்த்தேன், 'விடையாக நான் வருகிறேன்' என்று ஒரு வாக்கியம் அமைந்துவிட்டது. நேன் என்றே இருக்கட்டும்.)

மிரியைத் தெரியாதவர்களுக்கு: ரஸ்ட் கம்பைலர் நடுவழியில் உருவாக்கும் எம்ஐஆர் என்ற வடிவத்தை நேரடியாக ஓட்டிப் பார்க்கும் இன்டர்பிரெட்டர் அது. கம்பைலரின் பாதுகாப்புச் சோதனைகளைத் தாண்டி எழுதும் அன்சேஃப் கோடில் நினைவகத்தைத் தப்பாகத் தொட்டால் பிடித்துக் கொடுக்கும், ஆனால் ஆமை வேகம். நானும் ஓர் அன்சேஃப் துண்டைச் சோதிக்கத்தான் ஓட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. சம்பந்தமே இல்லாமல் இந்தத் தூரக் கணக்கு மாட்டிக்கொண்டது.

விஷயம் என்னவென்றால், சைன், காஸ், எக்ஸ்ப், லாக் மாதிரி ஃபங்ஷன்களைக் கூப்பிட்டால் மிரி சரியான விடையைக் கணக்கிட்டு, பிறகு அதில் வேண்டுமென்றே கொஞ்சம் கலப்படம் செய்து தருகிறது. அதிகபட்சம் 4 யூஎல்பி. யூஎல்பி என்பது அந்த எண்ணுக்கு அருகே அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட் எண்களுக்கு (கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் வடிவம்) நடுவே உள்ள இடைவெளி, கடைசி பிட்டின் மதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகத் தாயம் உருட்டும், அதனால் ஒரே எண்ணின் சைனை இரண்டு முறை கேட்டால் இரண்டு விடை வரலாம்.

முதலில் எனக்கு எரிச்சல்தான். டெஸ்ட் செய்ய வந்த கருவியே தப்பான விடை கொடுத்தால் எப்படி? அதை அணைக்கவும் ஒரு ஃபிளாக் இருக்கிறது, கூடுதல் ரவுண்டிங் பிழை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னேன். டெஸ்ட் பச்சையாகிவிட்டது. அன்றைக்குத் தூங்கப் போய்விட்டேன்.

மறுநாள் ரஸ்ட் ஆவணத்தில் எஃப்64 (64 பிட் ஃப்ளோட்) வகையின் சைன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தை நான் முழுசாகப் படித்ததே இல்லை, சைனுக்கு யார் ஆவணம் படிப்பார்கள்? அதில் தெளிவாகவே போட்டிருக்கிறது: இதன் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை, பிளாட்ஃபார்முக்குப் பிளாட்ஃபார்ம், ரஸ்ட் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஒரே ஓட்டத்தில் ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும்கூட மாறலாம். அந்தக் கடைசிப் பகுதியைப் படித்ததும் இது என்ன சட்டத்துறை எழுதிய வாக்கியமா என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால் நடக்கக்கூடியதுதான். கோடில் சைன் 0.5 என்று எண்ணாகவே எழுதியிருந்தால், ரஸ்ட் கம்பைலருக்குப் பின்னால் வேலை செய்யும் எல்எல்விஎம் அதைக் கம்பைல் செய்யும்போதே கணக்குப் போட்டு விடையை உள்ளே வைத்துவிடலாம், அந்தக் கணக்கு கம்பைல் செய்கிற மெஷினில் உள்ள கணித நூலகத்தில் நடக்கும். அதே 0.5 ஒரு ஃபைலிலிருந்து படித்து வந்தால் புரோகிராம் ஓடுகிற மெஷினின் நூலகம் கணக்குப் போடும். இரண்டு நூலகமும் கடைசி பிட்டில் ஒத்துப்போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 0.1 + 0.2 போட்டால் 0.3 வராமல் 0.30000000000000004 வரும் கதை பலருக்கும் தெரியும், இது அது இல்லை. அந்த 0.30000000000000004 இன்றைய எந்தக் கணினியில் போட்டாலும் அதே 0.30000000000000004தான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் இந்த ஐந்துக்கும் உண்மையான விடைக்கு மிக அருகில் உள்ள ஃப்ளோட்டைத்தான் தர வேண்டும் என்று ஐஇஇஇ 754 தரநிலை 1985லேயே கட்டாயமாக்கிவிட்டது. சைனும் காஸும் அந்தப் பட்டியலில் இல்லை. 2008 பதிப்பு அவற்றையும் சரியாக ரவுண்ட் செய்யச் சொல்லிப் பரிந்துரைத்தது, கட்டாயப்படுத்தவில்லை.

ஏன் என்றால் அது நிஜமாகவே கஷ்டம். உண்மையான விடை இரண்டு ஃப்ளோட்டுக்கு நட்டநடுவில் வந்து உட்கார்ந்தால், எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவு செய்ய இன்னும் எத்தனை இலக்கம் கணக்கிட வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. அந்தத் தரநிலையை உருவாக்கியவர்களில் ஒருவரான வில்லியம் கஹான் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் அட்டவணை போடுகிறவரின் சங்கடம் என்று சொல்லலாம். அதனால் பெரும்பாலான நூலகங்கள் 'ஒரு யூஎல்பிக்குள் இருக்கும்' என்கிற அளவில் நின்றுவிடும். ஹார்டுவேரை நம்பலாமா என்றால், இன்டெலின் பழைய எக்ஸ்87 சைன் கட்டளை பை மதிப்பை 66 பிட்டில்தான் வைத்திருந்தது. பை எஃப்64ல் முழுசாக அடங்காது, அதனால் எஃப்64 பையின் சைன் பூஜ்யம் ஆகாமல் 1.2246467991473532 × 10⁻¹⁶ என்று வர வேண்டும், அது கொடுத்தது 1.2246063538... × 10⁻¹⁶. முதல் ஐந்து இலக்கம்தான் சரி. பல வருடம் கழித்துத்தான் கையேட்டில் அந்தப் பகுதியைத் திருத்தினார்கள்.

ஆக மிரி செய்வது அநியாயம் இல்லை. ஆவணம் எதையெல்லாம் உறுதி சொல்லவில்லையோ அதையெல்லாம் நடத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். கண்மூடித்தனமாகவும் செய்வதில்லை. பூஜ்யத்தின் சைன் பூஜ்யமாகவே வரும், பூஜ்யத்தின் காஸ் 1தான், எதையும் பூஜ்ய அடுக்குக்கு உயர்த்தினால் 1தான். சைனும் காஸும் 1ஐத் தாண்டாது. வர்க்கமூலத்தில் கை வைக்கவே வைக்காது.

சரி, என் டெஸ்ட்டுக்கு வருவோம். தூரத்துக்கு நான் போட்டிருந்தது பள்ளிக்கூட சூத்திரம்: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கு, காஸ்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸையும் பெருக்கு, கூட்டு, ஆர்க்-காஸ் எடு, பூமியின் ஆரமான 6371 கிலோமீட்டரால் பெருக்கு. இரண்டும் ஒரே இடம் என்றால் ஆர்க்-காஸுக்குள் போவது சைன் வர்க்கம் கூட்டல் காஸ் வர்க்கம், அதாவது 1. ஃப்ளோட்டில் அது 1ஆக இருக்கலாம், ஒரு பிட் குறைவாக இருக்கலாம், ஒரு பிட் கூடுதலாக 1.0000000000000002 என்றும் இருக்கலாம். கூடுதலாகப் போனால் அந்தக் காஸ் உள்ள கோணமே கிடையாது, நேன். குறைவாகப் போனால் இன்னொரு கூத்து. ஆர்க்-காஸ் 1க்குப் பக்கத்தில் செங்குத்தாக இறங்குகிறது, அதனால் ஒரே ஒரு கடைசி பிட் குறைந்தாலே தூரம் 9.5 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. நான்கு பிட் குறைந்தால் 19 சென்டிமீட்டர், அந்த 0.19 அங்கிருந்து வந்ததுதான். இதையே 32 பிட் ஃப்ளோட்டான எஃப்32ல் கணக்கிட்டுப் பார்த்துத் தலையில் கை வைத்தேன். ஒரு பிட்டுக்கு 2.2 கிலோமீட்டர். நிற்கிற நிறுத்தத்துக்குப் போக இரண்டு கிலோமீட்டர் நடக்கச் சொல்லும்.

டெஸ்ட்டில் நான் கொடுத்திருந்த அந்த ஒரு புள்ளிக்கு, என் லேப்டாப்பின் நூலகத்தில், கூட்டல் சரியாக 1 என்று விழுந்திருக்கிறது. இரண்டு வருடமும் அந்த அதிர்ஷ்டத்தில்தான் ஓடியிருக்கிறது. சந்தேகத்தில் எல்லா நிறுத்தங்களையும் சாதாரணமாகவே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், மிரி இல்லாமலே சிலவற்றுக்கு நேன் வந்தது. அதாவது யாராவது சரியாக அந்த நிறுத்தத்தின் ஆயத்தொலைவைக் கொடுத்துக் கேட்டிருந்தால், தூரவாரியாக வரிசைப்படுத்தும் இடத்தில் புரோகிராம் பேனிக் ஆகி நின்றுபோயிருக்கும். ஒப்பீட்டை, நேனையும் சேர்த்து வரிசைப்படுத்தும் டோட்டல்-கம்ப்புக்கு மாற்றியிருந்தால் பேனிக் ஆகாது, ஆனால் அது இன்னும் மோசம். நேனின் பிளஸ்-மைனஸ் குறிக்கும் ரஸ்டில் உத்தரவாதம் கிடையாது, மைனஸ் நேன் வரிசையின் முதலில் போய் நிற்கும், பிளஸ் நேன் கடைசிக்குப் போகும். காலடியில் இருக்கும் நிறுத்தம் பட்டியலில் கடைசி.

சூத்திரத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது, ஹாவர்சைன் என்ற இன்னொரு தூரச் சூத்திரத்துக்கு. ஜேம்ஸ் இன்மன் 1835ல் மாலுமிகளுக்கான புத்தகத்தில் வைத்த பெயர் அது. அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட்ட அந்த மாலுமிகளுக்கும் சின்னக் கோணத்தின் காஸில் இதே தொல்லைதான் இருந்திருக்கும். இதில் வித்தியாசங்களின் பாதிக்குத்தான் சைன் எடுக்கிறோம். ஒரே இடம் என்றால் வித்தியாசம் பூஜ்யம், பூஜ்யத்தின் சைன் பூஜ்யம், வர்க்கமூலம் பூஜ்யம், ஆர்க்-சைனும் பூஜ்யம். அதனால் அந்தப் பழைய டெஸ்ட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, சகிப்பளவு எதுவும் சேர்க்காமல் சரியாகப் பூஜ்யத்துக்கே ஒப்பிடுகிறது, 64 சீட்டிலும் பாஸ். பூமியின் நேர் எதிர்ப் பக்கத்துப் புள்ளிகளுக்கு மட்டும் உள்ளே போவது 1ஐத் தாண்டலாம், அதை 1லேயே நிறுத்த ஒரு min ஃபங்ஷன் போட்டேன்.

மற்ற டெஸ்ட்களில் சகிப்பளவு தேவைப்பட்டது. அங்கேயும் ஒரு பழைய பாவம் கிடந்தது. வித்தியாசம் எப்சிலானுக்குக் கீழ் இருந்தால் சமம் என்று பல இடத்தில் எழுதி வைத்திருந்தேன். எப்சிலான் என்பது 1க்கும் அதற்கடுத்த எஃப்64க்கும் உள்ள இடைவெளி, 2.22 × 10⁻¹⁶. 6371க்கு அருகே இடைவெளி அதைவிட 4096 மடங்கு பெரியது. அங்கே 'எப்சிலானுக்குக் கீழ்' என்றால் அச்சு அசலாகச் சமம் என்றுதான் அர்த்தம், சுற்றி வளைத்து எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். சரி, யூஎல்பியில் எண்ணலாம் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் அது கழுத்தறுக்கும். மேலே சொன்ன பையின் சைனுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே நான்கு குவின்டில்லியனுக்கும் (4 × 10¹⁸) மேல் ஃப்ளோட் எண்கள் இருக்கின்றன. கடைசியில் பொதுவான விதி எதையும் தேடாமல், பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு மில்லிமீட்டர் போதும் என்று வைத்துவிட்டேன்.

இன்னும் ஒரு டெஸ்ட் உறுத்திக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து அங்கே உள்ள தூரமும் அங்கிருந்து இங்கே உள்ள தூரமும் ஒன்றே என்று சரிபார்ப்பது. நிஜ மெஷினில் அது பொதுவாகப் பிட்டுக்குப் பிட்டு பாஸ் ஆகும், மிரியில் ஆகாது, ஒவ்வொரு அழைப்பிலும் தாயம் மாறுகிறதே. இதில் மிரி ரொம்பத்தான் கறாராக இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கும் மில்லிமீட்டரைப் போட்டுவிட்டேன், ஆனால் மனசில்லாமல். சரியான ஒப்பீட்டு வரியைக் கமென்ட்டாக அப்படியே மேலே விட்டு வைத்திருக்கிறேன்.