கோர்ட்டுக்கு லீவு விட்ட கிறிஸ்துமஸ்

கொலம்பியாவில் நீதிமன்றங்கள் டிசம்பர் 20 முதல் ஜனவரி 10 வரை மூடிக் கிடக்கும். பிள்ளையைத் தத்தெடுக்க அங்கே போகிறவர்கள் விமான டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் இந்தத் தேதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கு இது தெரியும். தெரிந்தேதான் 2023 நவம்பர் கடைசியில் பொகோத்தாவுக்குக் கிளம்பினோம்.

பையனைச் சந்திக்க நவம்பர் 27 என்று நாள் கொடுத்திருந்தார்கள். அது வசதிப்படாவிட்டால் ஜனவரி நடுவில். வழக்கறிஞர், ஏஜென்சி, என் கணவரின் மேனேஜர் எல்லோருமே ஜனவரிதான் நல்லது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நாங்கள் அனுப்பிய போட்டோ ஆல்பத்தை அவனிடம் அதற்குள் காட்டிவிட்டார்கள். எட்டு வயதுப் பையனிடம், "அப்பா அம்மா கிடைத்துவிட்டார்கள், கிறிஸ்துமஸ் கழிந்து வருவார்கள்" என்று யார் போய்ச் சொல்வது?

எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். இருப்பது டல்லாஸில். மகளுக்கு அப்போது வயது 11. "இந்தியாவிலேயே எடுத்திருக்கலாமே" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக எடுப்போம் என்று முடிவு செய்தபோது, எங்கள் ஏஜென்சிக்கு அனுமதி இருந்த நாடுகளில் கொலம்பியாவும் ஒன்று. இதைவிடப் பெரிய காரணம் ஏதும் இல்லை. 2013க்குப் பிறகு, கொலம்பிய வம்சாவளி இல்லாத வெளிநாட்டவர்கள் உடல்நலமுள்ள சின்னக் குழந்தைகளுக்கு அங்கே விண்ணப்பிக்க முடியாது. ஏழு வயது ஆகப்போகிற, அல்லது தாண்டிய பிள்ளைகள், சேர்ந்தே போக வேண்டிய உடன்பிறப்புகள், சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகள், இவர்களுக்குத்தான் வெளியிலிருந்து பெற்றோர் தேடுகிறார்கள்.

காகித வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அமெரிக்கா தரப்பில் ஐ-800ஏ என்ற விண்ணப்பம், வீட்டுக்கே வந்து விசாரித்து எழுதும் அறிக்கை, கைரேகை. அந்த அனுமதி 15 மாதம்தான் செல்லும். எங்களை ரொம்பப் படுத்தியது கல்யாண சர்டிபிகேட். ஊர்ச் சர்ச்சில் நடந்த கல்யாணம். அந்தச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான முத்திரை), பிறகு ஸ்பானிய மொழிபெயர்ப்பு. என் அண்ணன் அதற்காக நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் நடந்த நடையை இப்போதும் சொல்லிக் காட்டுவான்.

சந்திப்பு, பியெனெஸ்தார் அலுவலகத்தில். குடும்ப நலத்துக்கான அரசு நிறுவனத்தை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தலையை ஈரமாகச் சீவி, முதுகில் ஒரு பையோடு வந்தான். பைக்குள் அவனுடைய ஆல்பம், அதுவரை அவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட வளர்ப்பு அம்மாவின் படங்கள். எங்கள் இரண்டு பேரையும் ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நேராக என் மகளிடம் போய் ஒரு போன் போன் பூம் குச்சி மிட்டாயை நீட்டினான். நான் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஸ்பானிஷ் அன்றைக்கு வீணாய்ப் போனது.

பாஷை விஷயம் வேடிக்கையாக இருந்தது. ஸ்பானிஷில் ஆமாம் என்பதற்குச் "சீ". என் அம்மா வாட்ஸாப்பில் "சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்பார், நான் மொழிபெயர்த்துச் சொல்வேன், அவன் "சீ" என்பான். "என்னட்டி, என்ன கேட்டாலும் பிள்ளை சீங்கான்!" அதே மாதிரி "அகா" என்றால் அவர்களுக்கு இங்கே என்று அர்த்தம். நான் "அக்கா" என்று மகளைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் அவன் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். நாலைந்து தடவைக்கு அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

ஒரு வாரம் சேர்ந்து இருந்தோம், உளவியலாளர் பார்த்துப் பேசி அறிக்கை கொடுத்தார். டிசம்பர் 5 அன்று மனுத் தாக்கல் செய்திருக்கலாம். பெயரில் வந்து மாட்டிக்கொண்டோம்.

அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர், ஒன்று அப்பா வழி, ஒன்று அம்மா வழி. குடும்பப் பெயரே இல்லாத நம்மிடம் இரண்டு கேட்டால் எங்கே போவது? கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் இருப்பது அவருடைய அப்பா பெயர். என்னுடையதில் இருப்பது கணவரின் பெயர். மகளுக்கும் அதுவே. அதாவது பையனுக்கு அப்பா வழியில் தாத்தா பெயர், அம்மா வழியில் அப்பா பெயர்! அம்மாவின் குடும்பப் பெயரும் அப்பாவின் சொந்தப் பெயரும் எப்படி ஒன்றாக இருக்கும், தட்டச்சுப் பிழையோ என்று வழக்கறிஞருக்குச் சந்தேகம். இனிஷியல் என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி, மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டு, மனு உள்ளே போனது டிசம்பர் 7.

சட்டப்படி நீதிபதிக்குப் பத்து வேலை நாள் உண்டு. டிசம்பர் 8 அரசு விடுமுறை. 11 முதல் 19 வரை எண்ணினால் ஏழு நாள். இரண்டு நாள் முந்திக் கொடுத்திருந்தாலும் ஒன்பதுதான் வரும். அது தெரிந்தும் பல ராத்திரி விரல் விட்டு எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். தீர்ப்பு உறுதியாகாமல் பிள்ளை நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஆக, கிறிஸ்துமஸ் பொகோத்தாவில்தான்.

மனுக் கொடுத்த அன்று இரவு வெலீத்தாஸ், மெழுகுவர்த்தித் திருநாள். தெரு முழுக்க நடைபாதையிலும் ஜன்னலிலும் மெழுகுவர்த்தி. நம் ஊரில் பக்கத்து வீட்டுக் கார்த்திகையைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த ஞாபகம் வந்தது. 16ஆம் தேதியிலிருந்து நொவேனா. ஒன்பது இரவும் ஏதாவது ஒரு வீட்டில் குடிலுக்கு முன் கூடி ஜெபம் வாசித்து, பிள்ளைகள் கிலுகிலுப்பை ஆட்டிப் பாடுவார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ.காரர்கள், நொவேனா பழக்கமில்லை. மாடி வீட்டுப் பாட்டி வந்து கூப்பிட்டபோது போகாமல் இருக்க முடியவில்லை. பிறகு ஒன்பது நாளும் போனோம் என்பதற்குப் பூஞுவெலோவும் ஒரு காரணம். சீஸ் பிசைந்து போட்ட போண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நதீயா, சோள மாவும் பாலும் வெல்லமும் பட்டையும் சேர்த்துக் கிண்டித் துண்டு போடுவது. பதிலுக்கு நான் அச்சுமுறுக்கு சுட்டுக் கொண்டுபோனேன். டல்லாஸிலிருந்து துணிக்கு நடுவே அச்சை எடுத்து வந்திருந்தேன். குக்கரை எடுத்து வராததுதான் முட்டாள்தனம். 2,600 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகவே வேகாது. மூன்றாம் நாளே கடைக்குப் போய் ஒன்று வாங்கினோம்.

எல்லா இரவும் பாட்டும் போண்டாவுமாகப் போகவில்லை. 18ஆம் தேதி நொவேனாவின் பாதியில் வெளியே ஓடியவன், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஷூவைக் கழற்றி வீசினான். இது அவனுடைய நொவேனா இல்லையாம், அவனுடையது அந்த அம்மா வீட்டில் நடப்பது. தொட்டால் தள்ளினான். கணவர் இரண்டு படி கீழே போய்ச் சும்மா உட்கார்ந்தார். நான் கதவருகே நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அப்புறம்தான் விஷயம் வந்தது. அங்கே பரிசு கொண்டுவருவது கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை, குழந்தை இயேசு. அவருக்கு இவன் கடிதம் எழுதியது பழைய வீட்டிலிருந்து. பரிசு அங்கே போய்விடும், முகவரி மாறியது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை உளவியலாளருக்குப் போன் செய்தேன். அவர் ஏற்பாட்டில் அந்த அம்மாவே வீடியோவில் வந்தார். "நீ போகும்போதே முகவரி மாற்றி எழுதிப் போட்டுவிட்டேனே" என்று அவனிடம் சொன்னார். பிறகு எனக்குத் தனியாக அந்தக் கடிதத்தின் படத்தை அனுப்பினார். அதில் கேட்டிருந்தது மியோனாரியோஸ் கால்பந்து அணியின் நீலச் சட்டை. அவரை எனக்கு எந்த வார்த்தையில் சொல்வதென்று தெரியவில்லை. மகள் "பெரியம்மா" என்றாள், அதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

24 நள்ளிரவு வரை குடிலில் குழந்தையை வைக்க மாட்டார்கள். மாடி வீட்டுப் பாட்டி அன்று அவனை வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு அவன் ஓடி வந்தது சட்டையைப் பார்க்க. அன்றிரவு அதைப் போட்டுக்கொண்டே தூங்கினான், அடுத்த மூன்று நாளும் கழற்றவில்லை.

புத்தாண்டு இரவு ஜனங்கள் காலிப் பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவைச் சுற்றுகிறார்கள், வருஷம் முழுக்கப் பயணம் அமையுமாம். எங்கள் பெட்டியை அவனும் மகளும் முறை போட்டு இழுத்ததில் ஒரு சக்கரம் போனது.

ஜனவரி 2 அன்று கணவரும் மகளும் டல்லாஸுக்குத் திரும்பினார்கள். தீர்ப்பில் கையெழுத்திட ஒருவர் இருந்தால் போதும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். விமான நிலையத்தில் அவன் அழவில்லை. வீட்டுக்கு வந்து அவள் தலையணையைத் தூக்கித் தன் கட்டிலில் போட்டுக்கொண்டான்.

11ஆம் தேதி நீதிமன்றம் திறந்தது, 17ஆம் தேதி தீர்ப்பு. அதற்குப் பிறகு மளமளவென்று நடந்தது: புதிய பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, தூதரகத்தில் ஐ.எச்.-3 விசா. அந்த விசாவில் வரும் பிள்ளை அமெரிக்க மண்ணில் இறங்கியதுமே குடிமகன். பிப்ரவரி 2 அன்று டல்லாஸ் வந்து சேர்ந்தோம். இந்த வயதுப் பிள்ளையின் சொந்தப் பெயரை அங்கே மாற்ற வேண்டுமென்றால் பொதுவாகப் பிள்ளையின் சம்மதம் வேண்டும். கேட்டார்கள், மாட்டேன் என்றுவிட்டான். எங்களுக்கும் மாற்றும் எண்ணமில்லை.

இனிஷியல் பிரச்சினை மட்டும் இன்னும் தீரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் அக்காவுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு இரண்டு. இங்கே கோர்ட்டில் மனுப் போட்டு ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்குள் மகள், தம்பிக்கு இருக்கிற மாதிரி தனக்கும் தாத்தா பெயர் வேண்டும் என்று ஆரம்பித்திருக்கிறாள்.